உள்ளே சுற்றும் காற்று

செப்டம்பர் 2, செவ்வாய்

கார் திருநெல்வேலி போய்த் திரும்பி வந்துவிட்டது. ஓட்டியது நான்.  

ஜூலையில் இவருக்கு மூளையில் ரத்தம் அடைத்து, ஒரே காலையில் பேச்சும் வலது கையும் போயின. கால் தப்பியது, உயிர் தப்பியது, ஸ்தோத்திரம். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கை திரும்புவதானால் முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பினால்தான் உண்டு, வாரம் இரண்டு நாள் பயிற்சியை விடவே கூடாது. பயிற்சி நிலையம் பாளையங்கோட்டையில். நாங்கள் தூத்துக்குடியில். ஆக்டிங் டிரைவர்கள் மூன்று பேரைப் பார்த்தாயிற்று. முதல் ஆள் ஒரு கையால் ஓட்டி, மறு கையில் போனை வைத்துக்கொண்டு மச்சினிச்சி கல்யாணத்தைப் பேசி முடித்தார். இரண்டாவது ஆள், "பெரியவர் பேச மாட்டாரோ?" என்று இவர் காதில் விழும்படி என்னிடம் கேட்டார். மூன்றாவது ஆள் வரவே இல்லை. "வண்டிய நானே எடுக்கேன்" என்றேன். லைசென்ஸ் என்னவோ ரொம்ப வருஷமாக இருக்கிறது. சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓட்டிய லைசென்ஸ்.

இவருக்கு இப்போது இருப்பது ஒரே வார்த்தை: "வேண்டாம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் வேண்டாம், ஃபேன் போடச் சொன்னாலும் வேண்டாம். நினைப்பு உள்ளே சரியாகத்தான் இருக்கிறதாம், வாய்க்கு வரும்போது அது ஒன்றுதான் வருகிறதாம். முகத்தைப் பார்த்து விடை கண்டுபிடிப்பது என் பாடு. கணக்கு டீச்சரைக் கட்டியதற்கு இப்போதுதான் ஒரு பிரயோஜனம்.

ஊரைத் தாண்டியதும் மீன்தூள் அரைக்கும் கம்பெனி ஒன்று வரும். அந்த நாற்றம் தலையில் ஏறினால் இறங்காது. இவர் ஓட்டிய காலத்தில், நாற்றம் எட்டுவதற்கு முன்பே இவர் விரல் ஏசிக்குக் கீழே உள்ள ஒரு பட்டனுக்குப் போய்விடும். காரின் படமும், அதற்குள் வளைந்து திரும்பும் ஓர் அம்பும் போட்ட பட்டன். அழுத்தினால் ஆரஞ்சு விளக்கு எரியும். வெளிக்காற்று நின்று, உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். இடது சீட்டில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்ததுதானே? இன்று நானே அழுத்தினேன். ஒரு துளி நாற்றம் உள்ளே வரவில்லை. திரும்பும்போதும் அதே வழிதான், எதற்கு அணைத்து அணைத்துப் போட வேண்டும்? அப்படியே விட்டுவிட்டேன். இடது சீட்டிலிருந்து இவர், "வேண்டாம், வேண்டாம்" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்னு சொல்லாதீய. நல்லாத்தான ஓட்டுதேன்?" என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

கிருபை மைனியும் வந்தார்கள். இவருடைய அக்கா, நாசரேத்தில் இருக்கிறார்கள். தம்பியின் மேல் உயிர். என் டிரைவிங்கின் மேல் அவ்வளவு இல்லை.

மைனி ஜெபம் பண்ணாமல் வண்டி கிளம்பாது. இஞ்சின் ஓட, ஏசி ஓட, கண்ணாடியெல்லாம் மூடிக்கொண்டு, சாலை, சக்கரம், எதிரே வரும் வண்டிகள், அவற்றை ஓட்டுகிறவர்கள் குடித்திருந்தால் அவர்கள் மனந்திரும்புதல் என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொடுத்தார்கள். ஆமென் வந்தபோது எனக்குக் கொட்டாவியும் வந்தது. மன்னிக்க வேண்டும்.

அந்த ஆரஞ்சு விளக்கு செவ்வாயிலிருந்து எரிந்தபடியே இருக்கிறது. வண்டியை நிறுத்தி எடுத்தாலும் அணைவதில்லை. சொன்ன பேச்சு கேட்கும் பட்டன். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வல்லநாட்டு மலை தெரிந்ததும் கண் சொருகியது. மதியம் சோறு அதிகம். வெள்ளிக்கிழமை சோறு கிடையாது.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டு இட்லியோடு கிளம்பினேன். அப்படியும் தூக்கம். மைனி வரும் நாட்களில் இன்னும் அதிகம். நீண்ட ஜெபத்தைக் குறை சொல்வது பாவம், ஆனாலும் கணக்குப் போட்டால் விடை அங்கேதான் போய் நிற்கிறது.

பயிற்சியில் ஹசீனா என்ற பெண் இவருக்குப் பிளாஸ்டிக் டம்ளர்களை அடுக்கக் கொடுத்தாள். வலது கையால். கை மடியிலேயே கிடந்தது. கப்பல் கம்பெனியில் எத்தனையோ பேரை விரல் அசைவில் வேலை வாங்கிய மனிதர், அந்த டம்ளர்களைப் பார்த்த பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் இருந்ததற்கு நன்றி.

செப்டம்பர் 16, செவ்வாய்

திரும்பும் வழியில் டயர் கொஞ்சம் ஓரத்து மண்ணில் இறங்கியது. உடனே ஏற்றிவிட்டேன். யாருக்கும் ஒன்றுமில்லை, ஸ்தோத்திரம்.

ராத்திரிக்கு இடியாப்பம். பிள்ளைகளின் கால் பரீட்சைத் தாள் பாதி திருத்தினேன். பாக்கி நாளைக்கு.

செப்டம்பர் 17, புதன்

மைனி நேற்று ராத்திரியே பேசியிருக்க வேண்டியது, காலை வரை அடக்கி வைத்திருந்தார்கள். காப்பி டம்ளரை நான் நீட்டினேன், அவர்கள் வாங்கவில்லை.

"ஏட்டி பொன்சீலி, மண்ணுல இறங்குச்சுன்னு லேசா சொல்லுத. அந்த லாரிக்காரன் ஆரன் அடிச்சானே, அது என்ன? எம் தம்பி போட்ட சத்தத்துலதான நீ கண்ணையே திறந்த?"

டம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"உன்னையக் குத்தம் சொல்லல. பள்ளிக்கூடத்துக்கும் போயி, அவனையும் பாத்து, வண்டியும் ஓட்டுன்னா இரும்பாட்டி நீ? நான் அவன நாசரேத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க எண்ணெ தேய்க்கிற வைத்தியர் இருக்காரு. வீட்டோட இருக்கட்டும்."

"பயிற்சிய விட்டா கை வராதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவளே மைனி."

"கை வராட்டி என்ன, ஆளு இருக்கணும்லா?"

 இவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் விடை எதுவும் தெரியவில்லை.

கடைசியில் நானே சொன்னேன்: இன்னும் ஒரே ஒரு தடவை அப்படி ஆனால் சாவியை மைனி கையில் கொடுத்துவிடுகிறேன். மைனி காப்பியை வாங்கிக்கொண்டார்கள். ஆறிப்போயிருந்தது, குறை சொல்லாமல் குடித்தார்கள். நல்ல மனுஷி. என்னைக் கேட்காமலே தம்பியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், எனக்கும் சேர்த்து அல்லவா பயப்படுகிறார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

சுகர் இல்லை. பிரஷர் இல்லை. தைராய்டு இல்லை. டெஸ்ட் எடுத்த பையன் வாழ்த்துச் சொல்கிற மாதிரி ரிசல்ட்டைக் கொடுத்தான். ஏதாவது ஒன்று இருந்திருந்தால் மாத்திரை போட்டிருக்கலாம். நல்ல உடம்புக்கு நன்றி சொல்ல வேண்டியவள், வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பிளாஸ்கில் கடுங்காப்பி. டாஷ்போர்டில் இஞ்சி மரப்பா. தூத்துக்குடியை ஒட்டிய புதுக்கோட்டை தாண்டியதும் ஒன்று, வல்லநாட்டில் ஒன்று என்று வாயில் போட்டுக்கொள்கிறேன். நடுவில் ஞானப்பாட்டு, உரக்க. என் குரலுக்குப் பயந்தே தூக்கம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, தாளம் போட்டது.

இதில் ஒரு விசித்திரம். பள்ளிக்கூடத்துக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் போகும்போது இந்தத் தூக்கம் வருவதே இல்லை. திருநெல்வேலி ரோட்டில் மட்டும்தான் வருகிறது. அந்த ரோட்டுக்கு என் மேல் என்ன கோபமோ.

மீன்தூள் கம்பெனி தாண்டியதிலிருந்து இவர் "வேண்டாம்" ஆரம்பித்துவிடுகிறார். வண்டி ஓடும்போது வலப்பக்கம் சரிந்துவிடாமல் இடது கை ஜன்னல் மேல்பிடியை விடுவதில்லை, அதனால் முகவாயால் டாஷ்போர்டைக் காட்டுகிறார். ஏசியைக் குறைத்தேன், வேண்டாம். கூட்டினேன், வேண்டாம். பாட்டை நிறுத்தினேன், வேண்டாம்.

"ஸ்பீடத்தான் சொல்லுதான்" என்றார்கள் மைனி பின்சீட்டிலிருந்து. மெதுவாகப் போனேன். சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார். அப்போதும் வேண்டாம்.

நான் ஓட்டுவதே வேண்டாம் என்கிறார் போல. இதை மைனியிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நடுவழியில் நிறுத்தி, இறங்கி, முகம் கழுவி, மறுபடி ஏறினேன். இறங்கி நின்ற ஐந்து நிமிஷத்தில் தலை தெளிந்துவிட்டது. ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி மந்தம். போகவும் நிறுத்தினேன், வரவும் நிறுத்தினேன். மண்ணில் இறங்கவில்லை. சாவி இன்னும் என்னிடம்தான்.

கை இன்றும் டம்ளரைத் தொடவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒன்றும் நடக்காத நாள். ஒன்றும் நடக்காததற்கு நன்றி.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று நடந்ததை விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

மழை பிடித்துவிட்டது. பயிற்சி முடிந்து வண்டிக்கு வருவதற்குள் மூன்று பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். குடை ஒன்றுதான், அதை இவருக்குப் பிடித்தோம், காற்று அதை எங்கள் யாருக்கும் இல்லாமல் திருப்பிவிட்டது. உள்ளே ஏறியதும் ஏசிக் காற்று பட்டு இவருக்கு உதறல் எடுத்தது. ஏசியை அணைத்தேன். ஃபேன் மட்டும் ஓடட்டும் என்று விட்டேன். மைனி ஈரத் துண்டைப் பிழிந்து பிழிந்து தம்பியின் தலையைத் துவட்டினார்கள். ஜெபம் இன்று சுருக்கமாகத்தான் இருந்தது, பல் கிட்டியதால்.

ஆற்றுப் பாலம் தாண்டும் வரை ஒன்றுமில்லை. பிறகு முன்கண்ணாடி மங்கியது. மழைதான் என்று வைப்பரை வேகமாக வைத்தேன். வைப்பர் வெளியே தேய்க்கிறது, மங்கல் உள்ளே இருக்கிறது. புடவைத் தலைப்பால் துடைத்தேன். ஈரத் தலைப்பு, இன்னும் மோசம். ஒரு கை அகலத்துக்குத் துடைத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிவிடுகிறது. பக்கத்துக் கண்ணாடிகள் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்துவிட்டன. ரோடு எங்கே முடிகிறது, மண் எங்கே ஆரம்பிக்கிறது, தெரியவில்லை. பின்னால் லாரி ஆரன் அடித்தது. நிறுத்தினால் அவன் வந்து இடிப்பான். போனால் எதில் போய் இடிப்பேனோ.

"நிறுத்துட்டி! இயேசப்பா! நிறுத்து!" என்றார்கள் மைனி.

"எங்க மைனி நிறுத்த? ஓரமே தெரியலயே!"

இவர், "வேண்டாம்! வேண்டாம்!" என்று கத்தினார். நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் படக் குனிந்திருந்தேன். இதோடு முடிந்தது, சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான், வீடு போய்ச் சேர்ந்தால் போதும் கர்த்தாவே என்று மட்டும் நினைத்தேன்.

அப்போது என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஏதோ உரசியது.

இவருடைய வலது கை. மடியில் கிடக்கும் கை. டம்ளரைத் தொடாத கை. அது கியரின் மேல் ஏறி, ஏசிப் பக்கம் ஊர்ந்து, நடுங்கி, ஒரு தடவை வழுக்கிக் கீழே விழுந்து, மறுபடியும் ஏறியது. விரல் நீளவில்லை. மடங்கிய முட்டியால் அந்தப் பட்டனை இடித்தார். டக்கென்று ஆரஞ்சு விளக்கு அணைந்தது.

வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. குளிர்ந்த, மழை நாற்றமடித்த காற்று. இவர் முகவாயால் ஏசி பட்டனைக் காட்டினார். போட்டேன். முன்கண்ணாடிக்குக் காற்றுப் போகும் திருகைக் காட்டினார். திருப்பினேன். கண்ணாடியின் அடியிலிருந்து தெளிவு மேலே ஏறியது. முதலில் ரோட்டின் வெள்ளைக்கோடு, பிறகு ஓரத்துக் கல், பிறகு சற்று முன்னால் சரக்கோடு நின்றுகொண்டிருந்த ஒரு டிராக்டர். அதைச் சுற்றிக்கொண்டு போய், இடம் பார்த்து ஓரங்கட்டினேன். லாரி கடந்து போயிற்று.

 மைனிதான் முதலில்: "தம்பி, உன் கை!"

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு கேட்டேன். "இத்தன நாளா இந்தப் பட்டனத்தான் சொன்னீயளா?"

தலையை ஆட்டினார்.

"கம்பெனிய தாண்டுனதும் திறந்து விடணுமாக்கும்?"

ஆட்டினார்.

"நீங்க ஓட்டும்போது ஒவ்வொரு தடவையும் திறந்தீயளா? நான் ஒரு நாளும் பாக்கலியே?"

இவர் தலையைத் தோளில் சாய்த்து, கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினார். நான் தூங்குகிற மாதிரி. குறட்டையும் விட்டார். மைனி சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கியது.

உண்மைதான். நாற்றம் வரும் வரை நான் விழித்திருப்பேன், பட்டனை அழுத்துவதைப் பார்ப்பேன், அதன் பிறகு பாளையங்கோட்டை வரை தூங்குவேன். இத்தனை வருஷம் இடது சீட்டில் உட்கார்ந்து பாதிப் பாடம்தான் படித்திருக்கிறேன். மீதிப் பாதியை, நான் தூங்கும்போது, எனக்குத் தலை வலிக்கக்கூடாது என்று ஒரு மனிதர் ஒவ்வொரு தடவையும் செய்துகொண்டு வந்திருக்கிறார். ஒரு நாளும் சொன்னதில்லை. ஆண்டவரே, எதற்கென்று நன்றி சொல்ல? கைக்கா, கண்ணாடிக்கா, நான் தூங்கிய அத்தனை தூக்கத்துக்குமா?

அக்டோபர் 18, சனி

தும்மல். மூன்று பேருக்கும். மிளகு ரசம்.

பள்ளியில் சயின்ஸ் டீச்சரிடம் கேட்டேன். மூடிய காரில் மூன்று பேர் விட்ட மூச்சையே மூன்று பேரும் திரும்பத் திரும்ப இழுத்தால் தலை மந்தமாகும், தூக்கம் வரும், இதுகூடத் தெரியாதா டீச்சர் என்றாள். ஆள் கூடக் கூட மந்தமும் கூடுமாம். ஈரத்தோடு ஏறி, ஏசியையும் அணைத்தால் கண்ணாடி மூடாமல் என்ன செய்யும் என்றாள். வீட்டுக்கு வந்து மைனியின் ஜெபத்திடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பின்சீட்டில் ஒரு மூச்சு கூடியதுதான் காரணம், ஜெபம் என்ன செய்யும்?

அக்டோபர் 24, வெள்ளி

செவ்வாயும் சரி, இன்றும் சரி, கம்பெனி வந்ததும் மூடினேன், தாண்டியதும் திறந்தேன். போக வர ஒரு கொட்டாவி இல்லை. மரப்பா டப்பாவை மைனி பின்சீட்டில் காலி செய்துவிட்டார்கள். நாசரேத் பேச்சை எடுக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "சாவிய பத்திரமா வச்சுக்கோட்டி" என்றார்கள். அதற்கு மேல் அவர்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் டம்ளர் முன்னால் கை மறுபடியும் மடியில்தான். அன்றைக்கு வந்தது பயத்தில் வந்ததோ, ஒரே ஒரு தடவைதானோ என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். ஹசீனாவிடம் மழை நாளைப் பற்றிச் சொன்னேன். அவள் கையில் இருந்த டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டாள்.

"மேடம், டம்ளர் அடுக்க யாருக்கு ஆசை வரும்? அவங்க செஞ்சே ஆகணும்னு ஒரு வேலை இருந்தாத்தான் கை கிளம்பும். நீங்க எல்லாத்தையும் முந்திக்கிட்டு செஞ்சிடுறீங்களோ?"

பதில் தெரிந்த கேள்வியாக இருந்தது. இவர் சோறு, இவர் சட்டைப் பொத்தான், இவர் செருப்பு, இப்போது இந்தப் பட்டன்.

அக்டோபர் 31, வெள்ளி

கம்பெனி வந்தது. பட்டனை அழுத்தினேன். கம்பெனி போயிற்று. நாற்றமும் முடிந்திருக்கும். நான் திறக்கவில்லை.

"ஏட்டி, திறந்து விடலியா?" என்றார்கள் மைனி.

"வண்டி ஓட்டுதேன்லா மைனி, மறந்துட்டேன்" என்றேன்.

"இதையுமா மறப்ப? ரெண்டு வாரம் முன்னாலதான செத்துப் பிழைச்சோம்!"

"என்னமோ வயசாகுது" என்றேன். டோல்கேட் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் நடக்காவிட்டால் நானே அழுத்திவிடுவது என்று மனதில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். மைனி என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். இவர், "வேண்டாம்" என்றார். நான் கேட்காத மாதிரி இருந்தேன். இன்னொரு "வேண்டாம்", கோபத்தோடு. என்னிடமிருந்து ஓர் உதவியும் வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

டோல்கேட்டின் கூரை தூரத்தில் தெரிந்தது.  வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், பின்னால் வந்தவன் திட்டிக்கொண்டு முந்தினான். அவனுக்கும் சேர்த்து ஜெபித்தேன்.

முழங்கைக்குப் பக்கத்தில் உரசல். நான் திரும்பவில்லை. பார்த்தால் கூச்சப்பட்டு நின்றுவிடும் என்று ரோட்டையே பார்த்தேன். ஒரு தடவை வழுக்கியது. மைனி திட்டுவதைப் பாதியில் நிறுத்தினார்கள். பிறகு அந்தச் சின்னச் சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தபோது விளக்கு அணைந்திருந்தது, பட்டனின் மேல் இருந்தது முட்டி இல்லை, ஆள்காட்டி விரல்.

காற்று வந்தது. மைனி பின்சீட்டில் சத்தமில்லாமல் மூக்கைச் சிந்தினார்கள். இவர் என்னைப் பார்த்து, இந்த மறதிக்காரியை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது என்று தலையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமையும் மறப்பேன்.